அனிலீன் சிந்திய நாள்

மகளே,

வீட்டில் உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தால், "காணும் அப்பா, போதும்" என்று எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பங்குச் சஞ்சிகைக்கு, பெற்றோர் யாராவது வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று ஃபாதர் போன ஞாயிறு பூசை முடியக் கேட்டார். உன் அம்மா என் முழங்கையில் இடித்தாள். நானும் கையை உயர்த்திவிட்டேன். அச்சில் வந்த பிறகு நீ என்னை நிறுத்த முடியாது. கொட்டாஞ்சேனை முழுக்க வாசித்து முடித்தபின் மொனராகலையிலிருந்து போன் எடுத்துக் கோபித்துக்கொள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாளைக்கு நீ மொனராகலை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுகிறாய். இதை எழுதும்போது உன் அம்மா உன் சூட்கேஸை மறுபடியும் திறந்து, நீ வெளியே எடுத்து வைத்த மிளகாய்த்தூள் போத்தலைத் திரும்பவும் உள்ளே வைக்கிறாள். அவளோடு வாதாடாதே, கொண்டு போ. நான் சொல்ல வந்தது வேறு. என்னோடு கொன்டெய்னர் யார்ட்டில் வேலை செய்யும் சுனிலுக்கு நடந்ததை எழுதப் போகிறேன். அவனிடம் சம்மதம் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்க மஹத்தயா, அந்த வெட்கக்கேடான பகுதியையும் எழுதுங்க" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அந்த நாளை நீ டொக்டராகப் பார்த்தாய். நான் எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது.

அதற்கு முதல் உன் ஏ லெவல் காலத்தைச் சொல்லவேண்டும். வேலை முடிந்து வந்து நான் தேத்தண்ணீர் குடிக்கும்போது இரசாயனவியல் புத்தகத்தை என் கையில் தந்து, "நான் சொல்றன், நீங்க சரியா எண்டு பாருங்கோ" என்பாய். எனக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. நீ சொல்வதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். நைத்திரோபென்சீனிலிருந்து அனிலீன் வரும், அனிலீனிலிருந்து ஈரசோனியம் உப்பு வரும், அதை நப்தோலோடு சேர்த்தால் சாயம் வரும். குளிக்கும்போதுகூட அதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அந்தச் சாயத்தைச் செய்த நாளில் வெள்ளை யூனிஃபோமின் முன்பக்கம் முழுக்கச் சிவப்போடு வந்து நின்றாய். அம்மா உன்னைக் கண்டதும் இரத்தம் என்று அலறிவிட்டாள். நீயோ, "அம்மா, நான் சாயம் செய்தனான்! ஐஸுக்குள்ள வச்சு, அனிலீனில இருந்து!" என்று துள்ளினாய். என்ன போட்டு உரஞ்சியும் அது போகவில்லை. போகாத மாதிரிச் செய்ததுதான் கெட்டித்தனம் என்று நீ அம்மாவுக்கு விளக்கம் கொடுத்தாய். புது யூனிஃபோம் தைக்கக் கொடுக்கும்வரை அவள் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

முதல் தடவை உனக்கு மருத்துவபீடம் கிடைக்கவில்லை. வெள்ளவத்தைப் பெரியம்மா அன்றைக்கே போன் எடுத்து, கணக்கியல் படிக்கவிடச் சொன்னா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னா. நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எங்க பிழைச்சது எண்டு எனக்குத் தெரியும் அப்பா. இன்னொருக்கா எடுக்கிறன்" என்றாய். கேள்வி கடினம் என்றோ திருத்தியவர் சரியில்லை என்றோ சொல்லவில்லை. அந்த வயதில் நானாக இருந்திருந்தால் நாலு பேரைக் குறை சொல்லியிருப்பேன். உன்மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பாசம் என்றால் நீ பிறந்த நாளிலேயே வந்தது. மரியாதை வேறு.

இனிச் சுனிலிடம் வருகிறேன். நீ இன்டர்ன் டொக்டராக ஆஸ்பத்திரியில் வேலை தொடங்கிக் கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. ஒருகொடவத்தையில் நான் கிளார்க்காக இருக்கும் யார்ட்டுக்கு, சாயம் செய்யும் ஒரு கம்பெனிக்கென்று ஒரு கொன்டெய்னர் வந்தது. உள்ளே முழுக்க இரும்பு ட்ரம். காலையில் இறக்கத் தொடங்கினார்கள். சுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், கை நிதானமானவன், ஒரு முட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னாலும் வைப்பான். உள்ளே ஒரு ட்ரம் சரிந்து கிடந்தது அவன் கண்ணில் படவில்லை. ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கம்பு அதில் குத்திவிட்டது. அவன் இறங்கி ஓடி, ஓட்டை மேல்பக்கம் வரும்படி தனியாளாகப் புரட்டி நிமிர்த்தினான். எண்ணெய் மாதிரி ஒரு மண்ணிறத் தண்ணீர் அவன் காற்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஊற்றிவிட்டது. பழுதான மீன் மணம். "கருவாட்டுக் கொன்டெய்னர் வந்திருக்கு" என்று பெடியன்கள் பகிடி விட்டார்கள். அவனும் சிரித்துவிட்டு, மண்ணைப் போட்டு மூடி, அதே ஈரக் காற்சட்டையோடு திரும்ப ஏறி வேலை செய்தான். எரிவு இல்லை, நோவு இல்லை. வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தகரக் கொட்டகைக்கு வந்தோம். சுனில் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தான். தலையிடி என்றான். வெயில் என்றார் மேற்பார்வையாளர், தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் எதிரே இருந்தேன். அவன் உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்றவன் மாதிரி இருந்தது. நகத்தைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. "சுனில், உனக்கு மூச்செடுக்கக் கஷ்டமா?" என்று கேட்டேன். "மட்ட மொகுத் நே மஹத்தயா" என்றான், ஒன்றுமில்லை ஐயா என்று. சொல்லும்போதே குடிகாரன் மாதிரி நாக்குக் குழறியது. அவன் ஒரு நாளும் குடிக்காதவன்.

எனக்கு என்ன தோன்றியதோ, எழும்பிப்போய் அந்த ட்ரம்மைப் பார்த்தேன். சுற்றி ஒட்டியிருந்த லேபலில் பெரிய ஆங்கில எழுத்தில் அனிலீன் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன் மகளே, அந்தச் சொல் விஷம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது நீ குளியலறையில் பாடிய பாட்டு. ஆனால் அது உனக்குத் தெரிந்த சாமான் என்பது தெரியும். போனை எடுத்தேன். வேலை நேரத்தில் நான் உன்னை அழைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ உடனே எடுத்தாய்.

"என்னப்பா, அம்மாவுக்கு ஏதும்?"

"இல்ல மகள். இங்க அனிலீன் ட்ரம் ஒண்டு ஓட்டையாகி சுனில்ட காற்சட்டையில ஊத்திட்டுது. இப்ப ஆள்ட உதடு நீலமா இருக்கு."

நீ ஒரு மூச்சு எடுத்தது எனக்குக் கேட்டது. பிறகு வந்த குரல் என் பிள்ளையின் குரல் இல்லை. "அப்பா, சொல்றத அப்படியே செய்யுங்கோ. அவர்ட உடுப்பு முழுக்கக் கழட்டுங்கோ. முழுக்க. சப்பாத்தும். அது தோலுக்குள்ளால போகுது, ஈரம் மேல இருக்கிற வரைக்கும் உள்ள போய்க்கொண்டே இருக்கும். சவர்க்காரம் போட்டு நல்லாக் கழுவுங்கோ. நீங்க வெறுங்கையால தொட வேணாம், சொப்பிங் பேக்கைக் கையில மாட்டுங்கோ. லேபலை போட்டோ எடுத்து அனுப்புங்கோ. பிறகு நேரா இங்க கொண்டு வாங்கோ. விளங்கினதா?"

"ஓம்" என்றேன்.

என்னை உனக்குத் தெரியும். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டாமல் வாசலுக்குப் போகாதவன். அன்றைக்கு யார்ட்டின் நடுவில், தண்ணீர்க் குழாயடியில், இரண்டு கையிலும் பொலிதீன் பையோடு, ஒரு வளர்ந்த மனிதனின் உடுப்பைக் கழற்றினேன். சுனில் வெட்கத்தில் காற்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "என்ட மகள் டொக்டர். அவள் சொன்னவள், விடு" என்று அதட்டினேன். விட்டான். இரண்டு பேர் தறப்பாளை மறைப்பாகப் பிடித்தார்கள், காவலாளி தன் சாரத்தைக் கொண்டுவந்து உடுத்தத் தந்தார். நான் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் அவன் முழங்கால் மடிந்தது. தாங்கிப் பிடித்தபோது அவன் நெஞ்சு குருவியின் நெஞ்சு மாதிரி அடித்தது என் தோளில் தெரிந்தது. அவனுடைய இரண்டு பிள்ளைகளும் நத்தார் பண்டிகைக்கு நம் வீட்டுக்கு வந்து கேக் தின்றுவிட்டுப் போனவர்கள். அந்த முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

யார்ட் வேனில் கிடத்தினோம். ஒருகொடவத்தையிலிருந்து தெமட்டகொடைச் சந்திக்கு வர வாகனங்கள் அசையவில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "ஆள் சாகப் போறான், வழி விடுங்க" என்று சிங்களத்தில் கத்தினேன். சந்தியில் நின்ற பொலிஸ்காரர் எட்டிச் சுனிலின் முகத்தைப் பார்த்தார். மற்ற எல்லாப் பக்கத்தையும் மறித்து எங்களை மட்டும் விட்டார். மருதானை கடந்து எப்படி வந்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் நீ வாசலிலேயே நின்றாய். என்னை "அப்பா" என்று சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு ஊத்தினது? எவ்வளவு நேரம் ஈரத்தோட இருந்தவர்? வாய்க்குள்ள போனதா? வாந்தி, சத்தி ஏதும் எடுத்தவரா?" என்று கேட்டாய். நான் முன்னுக்குப் பின் உளறினேன். நீ அவசரப்படுத்தவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய், பிறகு விட்ட இடத்தை மட்டும் திரும்பக் கேட்டாய். என்னை அங்கே ஒருவரும் வெளியே போகச் சொல்லவில்லை. சுவரோடு ஒட்டி நின்றேன்.

ஒக்சிசன் முகமூடி போட்டார்கள். இரத்தத்தில் ஒக்சிசன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய மெஷினின் எண் ஏறவில்லை. உன் பெரிய டொக்டர் வந்தார். நீ அவரிடம் என்னவோ சொல்லிவிட்டு, சுனிலின் கையிலிருந்து ஊசியில் எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டாய். அது சொக்லட் நிறத்தில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவரின் இரத்தம் வேண்டுமென்று விளங்கி நான் விரலை நீட்டினேன். "உங்கட சரிவராது, நீங்களும் அதுக்க கை வச்சனீங்கள்" என்று சொல்லிவிட்டு உன் விரலிலேயே குத்திப் பக்கத்தில் விட்டாய். உன்னுடையது செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்து நின்றது. அவனுடையது காற்றுப் பட்டும் நிறம் மாறாமல் அப்படியே கிடந்தது. பெரிய டொக்டர் குனிந்து பார்த்தார்.

"இப்படி ஒரு ஆளை முந்திப் பார்த்திருக்கிறீரா?" என்று கேட்டார்.

"இல்ல சேர். படிச்சதுதான்."

தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை, தெரிந்ததைச் சொல்லத் தயங்கவும் இல்லை. மெத்திலீன் புளூ என்று ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாய். அதுவும் ஒரு சாயமாம், நீலச் சாயம். சாயத்துக்கென்று வந்த சாமான் கெடுத்த இரத்தத்தை இன்னொரு சாயம்தான் திருத்தும் என்று பிறகு எனக்கு விளக்கினாய். அவர் தலையை ஆட்டினார். ஆனால் நீ உடனே ஓடவில்லை. அந்த மருந்து சிலருக்கு இரத்தத்தை உடைத்துவிடும் என்று சொல்லி, சுனிலின் காதருகே குனிந்தாய். "பய வென்ன எப்பா, சுனில் அய்யே" என்று அவன் மொழியில் தைரியம் சொல்லி, முன்பு ஏதும் மருந்துக் குளிசை எடுத்துக் கண் மஞ்சளானதா, அம்மா பக்கத்தில் யாருக்கும் அப்படி வந்ததா என்று மெதுவாகக் கேட்டாய். அவன் இல்லை என்று தலையசைத்தான். "அப்ப குடுப்பம்" என்றார் பெரிய டொக்டர். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அந்த மருந்து இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு நீதான் ஓடினாய். அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

அதற்குள் சுனிலின் மனைவி வந்துவிட்டாள். கட்டிலைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீ மருந்தோடு வந்து, ஏற்ற முதல் அவளிடம் போய், "இப்ப இந்த எண் இன்னும் கீழ இறங்கும். அது மருந்தின்ர நிறத்தால மெஷின் ஏமாறுறது. மெஷினைப் பார்க்க வேணாம் அக்கே, அவர்ட உதட்டைப் பாருங்கோ" என்று சிங்களத்தில் சொன்னாய். சொன்னபடியே நடந்தது. கடும் நீலம் மெதுவாக நரம்புக்குள் போனது, எண் பொலபொலவென்று இறங்கியது. நீ முன்பே சொல்லியிருக்காவிட்டால் அவள் அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். கொஞ்ச நேரம் போக, உள் உதட்டின் ஓரத்தில் மெல்லிய ரோசா நிறம் வந்தது. "ரத்து வெனவா" என்று அவள் முணுமுணுத்தாள், சிவக்கிறது என்று. அவள் என் கையைப் பிடித்திருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த நாள் வார்டில் சுனில் போட்ட சத்தம் இன்றைக்கும் யார்ட்டில் பேச்சு. மலசலகூடத்திலிருந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "மிஸ், கொள பாட்டய்! கொள பாட்டய்!" என்று கத்தினானாம். சிறுநீர் பச்சையாகப் போகுதாம். மருந்து வெளியே வருகிறது என்று நீ சொல்ல, வார்டே சிரித்ததாம். அவன் எழுதச் சொன்ன வெட்கக்கேடான பகுதி இதுதான்.

முதல் நாளுக்கு ஒருக்கால் திரும்பிப் போகிறேன். சுனிலை வார்டுக்குக் கொண்டுபோன பிறகு நீ வெளியே வந்து என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தாய். என் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிளேன்டீயைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்பக் கீழே வைத்தாய். "அப்பா, நான் சொன்னது பிழையாப் போயிருந்தா?" என்று கேட்டாய். உன் முதுகைத் தடவினேன், நீ எழும்பிப் போய்விட்டாய். அந்தக் கேள்வியை நான் அதன்பிறகு பல நாள் யோசித்தேன். என் பதில் இதுதான். ஒரு நாள் உனக்கும் பிழை வரும், மகளே. பிழை விடாத டொக்டர் இருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அன்று மருந்தின் பெயர் தெரிந்தவுடன் நீ ஓடியிருக்கலாம். எல்லோரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் நின்று, இது இவனுக்குக் கெடுதல் செய்யுமா என்று கேட்டாய். நீ சரியாகச் சொன்னதைவிட எனக்கு அதுதான் பெருமை. அந்த நிற்பை விட்டுவிடாதே. எவ்வளவு பெயர் வந்தாலும், எவ்வளவு களைத்தாலும், ஊசி கையில் இருக்கும்போது ஒருக்கால் நில். பிழை விட்டால் அன்றைக்கே பெரியவரிடம் போய் உன் வாயால் சொல். ஏ லெவல் பிழைத்த நாளில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் நீ, உன்னால் முடியும்.

விவசாய மருந்து, பூச்சிநாசினி பட்டவர்கள் வந்து சேரும் மொனராகலை ஆஸ்பத்திரியை நீ கேட்டு எடுத்தபோது வெள்ளவத்தைப் பெரியம்மா அம்மாவுக்குப் போன் எடுத்தா. "கொழும்பிலயே எடுக்கிற அளவுக்குப் புள்ளி இருந்ததே, ஏன் அந்தக் காட்டுக்குப் போறாள்? நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டா. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. உன் அம்மா பயந்தவள், உனக்குத் தெரியும். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டாள். நான் அவளும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக, "அவளுக்கு அங்கதான் வேலை இருக்கு அக்கா" என்றாள். போனை வைத்துவிட்டுத்தான் அழுதாள். இதை உனக்குச் சொல்லவேண்டாம் என்றாள், நான் சஞ்சிகையில் எழுதிவிட்டேன்.

யார்ட்டில் இப்போது எனக்குப் பெயர் மாறிவிட்டது. இத்தனை வருடமும் கிளார்க் மஹத்தயா. இப்போது "தொஸ்தர மிஸ்கெ தாத்தா". டொக்டர் மிஸ்ஸின் அப்பா என்று அவர்கள் சொல்வது நம் காதுக்குத் தாத்தா என்று விழுகிறது. புதிதாக வருகிறவனுக்கு என்னைக் காட்டும்போது சுனில் அப்படித்தான் சொல்கிறான். வயது போன மாதிரி இருந்தாலும் நான் திருத்துவதில்லை.

சாப்பிடாமல் வார்டுக்குப் போகாதே. பாதணி நல்லதாக வாங்கு. ஞாயிறு பூசைக்கு அங்கே கோவில் தூரம் என்றால் இருந்த இடத்தில் செபித்துக்கொள். இவை அம்மா எழுதச் சொன்னவை. என்னுடையது ஒன்றுதான். அங்கே ஒரு நாள் உச்சி வெயிலில் ஒருவன் தன் ஆளைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு ஓடி வருவான். கை முழுக்க மண்ணாக இருக்கும். மருந்தின் பெயர் வாயில் வராது, நேரம் தெரியாது, முதல் நடந்ததைக் கடைசியாகச் சொல்வான், சொல்லும்போதே அழுவான். உன்னைச் சுற்றி எல்லோரும் அவசரப்படுவார்கள். நீ அவன் முகத்தைப் பார், அவனைச் சொல்லி முடிக்க விடு.

அப்பா